கல்லுல வயசு 15னு போட்டிருந்தது

பையனுக்கு ஸ்கூல்ல ப்ராஜெக்ட், முதல் உலகப்போர்ல செத்த ஒரு சிப்பாய பத்தி தேடி எழுதணுமாம். நாங்க இருக்கிறது இங்கிலாந்துல சர்ரே பக்கம்ங்கறதால அங்க டார்க்கிங் ஊர் பையன் ஜோ ஸ்ட்ரட்விக்க எடுத்தோம். அலைஞ்சது என்னவோ நான்தான்.

மொதல்ல காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷன் சைட். காசு கிடையாது, பேர போட்டா போதும், படை, செத்த தேதி, எந்த கல்லறை எல்லாம் வந்துடும். ரைஃபிள் பிரிகேட் 8வது பட்டாலியன், 1916 ஜனவரி 14, வயசு 15. டைப்பிங் மிஸ்டேக்னுதான் நெனச்சேன். இல்ல, பொறந்தது 1900 பிப்ரவரி 14, பேருலயே வாலன்டைன் இருக்கு. சேரும்போது 14 வயசு! ரூல்படி சேர 18, கடல்தாண்டி சண்டைக்கு 19, ஆனா பர்த் சர்டிபிகேட்லாம் கேக்கறதில்ல, வாயால சொன்ன வயச எழுதிக்கிட்டாங்க. நடுவுல விஷ வாயு பட்டு ஊருக்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்து, தேறினதும் மறுபடி சண்டைக்கே போயிருக்கான், அப்பவாவது யாராவது புடிச்சு வெச்சிருக்கக் கூடாதா.

சர்வீஸ் ரெக்கார்ட் தேடுறவங்க ரொம்ப நம்பாதீங்க, 1940ல லண்டன்ல குண்டு விழுந்து சிப்பாய்ங்க ஃபைல் பாதிக்கு மேல எரிஞ்சு போச்சு. பட்டாலியன் வார் டைரி, அதாவது அன்னன்னிக்கு நடந்தத எழுதி வெச்ச குறிப்பு, நேஷனல் ஆர்கைவ்ஸ்ல டவுன்லோட் பண்ணலாம், ஆனா அதுல ஆபீசர் செத்தா பேர் இருக்கும், சாதா சிப்பாய் செத்தா பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான், எனக்கு கடுப்பானது அங்கதான். உண்மை வயசு வெளிய வர்றதே அனேகமா போருக்கப்புறம் கமிஷன் வீட்டுக்கு அனுப்பின ஃபார்ம்ல குடும்பம் எழுதிக் குடுத்ததாலதான். நடுவுல ஒரு வம்சாவளி சைட்ல ஃப்ரீ ட்ரையல்னு கார்ட போட்டு ஒரு மாசக் காசு போனது தனிக்கதை.

ஈஸ்டர் லீவுல பெல்ஜியம் போனோம். ஈப்ர் ஊர்லேர்ந்து கால்வாய் ஓரமா நடந்தா ஜோவ பொதச்ச எசெக்ஸ் ஃபார்ம் கல்லறை வந்துடும், பக்கத்துலயே காயம்பட்டவங்களுக்கு மருந்து போட்ட கான்கிரீட் அறைங்க இன்னும் நிக்குது, உள்ள குனிஞ்சுதான் போகணும். ஆயிரத்துக்கு மேல கல்லு, இருந்தாலும் ஜோவ தேடவே வேணாம், அவன் கல்லு முன்னாடி மட்டும் போர்ல செத்தவங்க நினைவா வைக்கிற பாப்பி பூ குவிஞ்சு, புல்லு மிதிபட்டு சேறா கெடந்துச்சு.

பையன் கொஞ்ச நேரம் நின்னுட்டு, பூவே இல்லாத வேறொரு கல்லு கிட்ட போய் அதுல இருந்த சிப்பாய் நம்பர ஃபோன்ல ஏத்திக்கிட்டான். இத நீயே தேடுறா, கார்டு தரமாட்டேன்னு சொல்லிட்டேன்.