சைசல் நார், எபாக்ஸி, ஈரம்

முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காகச் சைசல் நாரையும் (கற்றாழை போன்ற ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது) எபாக்ஸியையும் (இறுகிக் கெட்டியாகும் ஒரு ரெசின்) சேர்த்துத் தகடு செய்து சோதித்தேன். கட்டுரைகளில் இழுவிசை வலிமை, வளைவு வலிமை என்று எண்களாகவே தெரியும் இந்த நார்-ரெசின் கலவைத் துறை, கையால் செய்ய இறங்கினால் முக்கால்வாசி ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

தாவர நார் என்றால் பெரும்பாலும் செல்லுலோஸ். அதில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சும்மா காற்றில் கிடக்கும் நாரிலேயே எடையில் ஏறக்குறைய 10% ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு ரெசினுக்குள் போனால், நாரும் ரெசினும் சேருமிடம் பலவீனமாகிவிடும், குமிழ்களும் வரும்.

முதல் வேலை காரப் பதம். 5% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தேன். தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு வரும். நாரில் செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் மெழுகு, ஹெமிசெல்லுலோஸ், கொஞ்சம் லிக்னின் எல்லாம் கழன்று வருவதன் அடையாளம் அது. வழவழப்பாக இருந்த நார் விரலில் சொரசொரப்பாகத் தட்டுப்படும். ரெசின் பிடிக்க அந்தச் சொரசொரப்புதான் வேண்டும். கரைசல் கடுமையானாலோ நேரம் நீண்டாலோ செல்லுலோஸும் அடிவாங்கும், நார் வலுவிழக்கும். கழுவுவது இதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. கழுவிய தண்ணீர் பிஹெச் 7-க்கு வரும்வரை விடக்கூடாது. கடைசியில் சில துளி நீர்த்த அசெட்டிக் அமிலம் விட்டால் சீக்கிரம் முடியும்.

உலர்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஓவனில் வைத்து, எடுத்து எடைபோட்டு, எடை குறைவது நிற்கும்வரை திரும்ப வைக்க வேண்டும். சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் 200 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நாரே சிதையத் தொடங்கும். தாவர நாரைப் பாலிபுரொப்பிலீன்போல அதற்குக் கீழே உருகும் பிளாஸ்டிக்குகளோடு சேர்ப்பதற்கும் இதுதான் காரணம்.

அப்புறம் அளவுக் கணக்கு. பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது என்பது என் எண்ணம். சைசலின் அடர்த்தி சுமார் 1.45, கண்ணாடி இழைக்கு 2.55, எபாக்ஸிக்கு 1.2 (எல்லாம் கிராம்/கன செ.மீ.). எடையில் 30% என்று இரண்டு இழைகளையும் தனித்தனியே எபாக்ஸியில் சேர்த்தால், தகட்டின் பருமனில் (கன அளவில்) சைசல் 26% இடத்தைப் பிடிக்கும், கண்ணாடி இழை 17%தான். எடைச் சதவீதத்தை மட்டும் வைத்து இரண்டு தகடுகளை ஒப்பிட்டால் முடிவு கோணலாகத்தான் வரும். நான் எல்லாவற்றையும் பருமனுக்கு மாற்றியே எழுதினேன்.

அச்சில் வார்ப்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெழுகு பூசி, நாரைப் பரப்பி, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றி, எடை வைத்து அழுத்தினேன். மாதிரித் துண்டுகளை வெட்டுவதற்கு வாட்டர் ஜெட் (வேகமான நீர்த்தாரையால் வெட்டும் கருவி) வேண்டாம் என்று ஒதுக்கினேன். இவ்வளவு பாடுபட்டு உலர்த்திய நாருக்கு வெட்டும்போதே தண்ணீர் காட்டுவானேன்? மெல்லிய பல் உள்ள ரம்பமும் உப்புத்தாளும் போதுமாக இருந்தன.

இழுவிசைச் சோதனை எண்கள் சிதறித்தான் வந்தன. ஒரே நாரின் தடிமனே நுனிக்கு நுனி மாறும்போது வேறெப்படி வரும்? அதனால் சராசரியோடு, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தையும் சேர்த்தே எழுதினேன். என்னை அதிகம் ஈர்த்தது துண்டு உடைந்த இடத்தின் மேற்பரப்புதான். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், பதப்படுத்தாத துண்டில் நார்கள் நீளமாக, சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருந்தன. அவை இருந்த இடத்தில் வழவழப்பான துளைகள். பதப்படுத்திய துண்டில் நார்கள் குட்டையாக முறிந்து, மேலே ரெசின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிடிப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை எண்களைவிட இந்தப் படம் தெளிவாகச் சொன்னது.

கடைசியாக நீர் உறிஞ்சும் சோதனை. நார் கூடக்கூட உறிஞ்சும் நீரும் கூடியது. வெட்டிய விளிம்பில் தெரியும் நார் நுனிகள் திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. அதனால் விளிம்புக்கு ரெசின் பூசியவை, பூசாதவை என்று இரண்டு தொகுதிகளாகப் பிரித்து ஊறவைத்தேன். பூசாதவற்றின் எடை முதல் நாளிலேயே வேகமாக ஏறியது. பூசியவை மெதுவாக ஏறின. அறிக்கையில் இரண்டையும் தனித்தனி வளைகோடுகளாகவே காட்டியிருக்கிறேன்.