கார்-டி சிகிச்சை: செல் எடுக்கப் போய்ச் சும்மா திரும்பிய நாள்

கார்-டி என்றால் ரத்தத்திலிருந்து டி செல் என்ற எதிர்ப்புச் செல்களை எடுத்து, லேபில் மாற்றிப் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றும் சிகிச்சை. அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற பெருங்குடல் புண் நோய்க்காக ஓர் ஆய்வில் இதற்குப் போனோம். என்னென்ன மாத்திரை என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். ராத்திரி ஆசனவாய் வழியே ஏற்றும் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு நுரை மருந்து அதில் இல்லை. அது மாத்திரை இல்லையே! செல் எடுக்கும் நாள் காலையில் நர்ஸ் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு டி செல்களை அடக்கும், அடங்கிய செல் லேபில் சரியாகப் பெருகாது. ஆய்வு மருத்துவர் போனிலேயே தேதியைத் தள்ளிவிட்டார். ஜெர்மனியில் மூன்று மணி நேர ரயில் பயணம், வீண். நுரை, எனிமா, இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுங்கள்.

எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்கு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் செய்துகாட்டிய, சிடி19 என்ற குறியுள்ள பி செல்களை அழிக்கும் வழிதான் இங்கே அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கும். ஆனால் குடல் நோயாளிக்குச் செல் பிரிக்கும் மெஷினில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரண்டு கையிலும் ஊசி, மூன்று நான்கு மணி நேரம் எழ முடியாது. அவசரமாக வயிற்றைக் கலக்கினால்? கட்டிலருகே கழிப்பறை நாற்காலியும் திரையும் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கழுத்தில் குழாய் போட்டால் கையாவது சும்மா இருக்கும். பேதியில் உடம்பு வற்றியிருந்தால் நரம்பும் கிடைக்காது. முதல் நாளே நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் கலப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தால் உடனே சொல்லுங்கள், மெஷின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுப்பார்கள். நீண்ட நாள் பேதியில் மெக்னீசியமும் குறைந்திருக்கும்; அதையும் ரத்தப் பரிசோதனையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டது நல்லதாயிற்று.

செல்லைத் திரும்ப ஏற்றுமுன் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள் மூன்று நாள். செல் ஏறியது சில நிமிடம்.

காய்ச்சல் 38 தொட்டால் பாரசிட்டமால் போட்டு மறைக்க வேண்டாம். ஏற்றிய செல்கள் தூண்டிவிடும் சைட்டோகைன் காய்ச்சலா, கிருமியா என்று பிரிக்க முதலில் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். குடல் நோயாளிக்கு மலத்தில் பேதி உண்டாக்கும் சி.டிஃப் கிருமிக்கான பரிசோதனையும் கேளுங்கள். ஃப்ளூடராபின் போட்டவருக்குப் பின்னாளில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தமே வேண்டும். கொலைடிஸில் ரத்தப்போக்கு சகஜம், ஊர் மருத்துவமனைக்கு இது தெரியாமல் போகலாம். இதை எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

ஏற்றிய செல்களால் மூளை பாதிக்கிறதா என்று பார்க்கத் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். தமிழில் எழுதினால் எழுத்து நடுங்குவது நர்ஸுக்குத் தெரியும், வார்த்தை விட்டுப்போனது தெரியாது. நாங்கள் ஜெர்மனுக்கு மாற்றிக்கொண்டோம்.