பெயர் வரிசை மாறியதில் போன ஒரு வருடம்

அப்பாவின் க்ளைம் பாஸாகி மூன்று வாரம் ஆகிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அமெரிக்க அணு ஆயுத ஆலைகளில் உழைத்து நோய்வாய்ப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பலருக்குத் தெரிந்திருக்கும். யுரேனியம் செறிவூட்டிய படூகா, போர்ட்ஸ்மவுத், ஓக் ரிட்ஜ் கே-25 ஆலைகளில் 1992 பிப்ரவரி 1-க்கு முன் மொத்தம் 250 வேலை நாள், பட்டியலிலுள்ள புற்றுநோய். இவற்றோடு கண்காணிப்பு நிபந்தனையும் பொருந்தினால், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்ற கணக்கே வேண்டாம். அப்பா அந்த மூன்றில் ஒன்றில் சப்-கான்ட்ராக்டரிடம் வெல்டிங் இன்ஸ்பெக்டர். வந்தது மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், பட்டியலில் இருக்கிறது.

மருத்துவ ரிப்போர்ட்டில் சிக்கலே இல்லை. மாட்டிக்கொண்டது வேலைச் சான்றில். "இந்தப் பெயரில் பதிவு இல்லை" என்று கடிதம். அவர் இருந்த கம்பெனியை மூடி முப்பது வருடமாகிறது. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் துறை) வருமானப் பதிவில் கம்பெனி பெயர் இருந்தது. ஆலைக்குள் வேலை பார்த்தார் என்று அது சொல்லாது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டி அலுவலகத்துக்கே போய்க் கேட்டால், "பதிவு இல்லையென்றால் இல்லைதான்" என்று கோப்பை மூடிவிட்டார் அங்கிருந்தவர்.

அப்பாவின் பழைய ஆலை நுழைவுப் பாஸ் ஒன்று பெட்டியில் கிடைத்தது. ஓரம் மஞ்சளாகி, போட்டோவில் கறுத்த மீசை. தாத்தா பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால்! நம் இனிஷியலை விரித்து எழுதியவர்கள் ஆலையில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டியில் வேறு மாதிரி. இரண்டு வரிசையிலும், கூடவே சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்தும் தேடும்படி எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் 41 பக்கம் வந்தது.

கதிர்வீச்சை அளக்க அவர் சட்டையில் மாட்டியிருந்த பேட்ஜின் அளவுகள். வரிசை வரிசையாகப் பூஜ்யம். "போச்சுடா தம்பி" என்று அப்பா தாளைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் கை நடுங்கியது. சட்டத்தை மறுபடி படித்தபோதுதான் உயிர் வந்தது: இந்த மூன்று ஆலைக்காரர்களிடம் பேட்ஜ் போட்டுக் கண்காணித்தார்களா என்றுதான் கேட்கிறார்கள், எவ்வளவு பதிவானது என்று கேட்கவில்லை. அந்தப் பூஜ்யங்கள்தான் 1,50,000 டாலர் வாங்கிக் கொடுத்தன.

காகிதம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவச் செலவைத் தருவது, க்ளைம் போட்ட தேதியிலிருந்துதான். நாங்கள் நான்கு மாதம் இழந்தோம். கூட வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருந்தால் இப்போதே இ.இ.-4 படிவத்தில் வாக்குமூலம் வாங்கிவிடுங்கள். முதல் க்ளைமுக்கு வக்கீல் 2 சதவீதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள், சட்டப்படி கூடாது. க்ளைம் மீதான முதல்கட்டப் பரிந்துரை முடிவு பாதகமாக வந்தால் ஆட்சேபிக்க 60 நாள்தான்.

அடுத்தது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவான பார்ட் ஈ. அதற்கான படிவத்தில் இரண்டு பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.