அட்டையில் இல்லாத பெயர்

2023 ஜனவரி 12, வியாழன்

பதிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. வங்க நாவலின் மறுபதிப்பு இன்று அச்சுக்குப் போய்விட்டது. ஃபாரத்துக்கு 16 பக்கம், 20 ஃபாரம், 320 பக்கம், 300 பிரதி. கடைசி மெய்ப்பு, அதாவது பிழைதிருத்தம், நான் பார்த்தது. ஓரிடத்தில் சிறுவன் அம்மாவிடம் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அங்கே ‘மனத்தாங்கல்’ என்று ஒரு சொல். எங்கள் பாட்டி சொல்வது. அந்தப் பத்தியை மெய்ப்புக்காக ஒரு முறை, எனக்காக ஒரு முறை படித்தேன்.

அட்டையைப் பழைய பதிப்போடு வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. பழையதில் முன்பக்கமே ‘தமிழில்’ என்று மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறது. புதியதில் இல்லை. வடிவமைத்தவரிடம் கேட்டேன். “படம் பெரிசும்மா, இடம் இல்ல. உள்ளே போட்டிருக்கோமே” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். எடிட்டர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜனவரி 16, திங்கள்

சென்னைப் புத்தகக் கண்காட்சி. நந்தனம் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. அதே வளாகத்தில் தமிழ்நாடு அரசின் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி இன்று தொடங்கியது. இதுதான் முதல் ஆண்டு. அங்கே புத்தகம் விற்பதில்லை, மொழிபெயர்ப்பு உரிமையைப் பேசிக் கொடுத்து வாங்குகிறார்கள். எட்டிப் பார்க்க ஆசை. ஸ்டாலில் பில் போட ஆள் இல்லாததால் போகவில்லை.

ஜனவரி 17, செவ்வாய்

இரவு ஒரு மணி. தூக்கம் வரவில்லை.

ஸ்டாலை மூடிவிட்டுத் திருவல்லிக்கேணி அலுவலக மொட்டைமாடியில் கூடுவது என்று ஏற்பாடு. பதிப்பாளர்கள், எழுத்தாளர்கள், அச்சகக்காரர், பைண்டிங் அண்ணன் என்று முப்பது பேர் இருக்கும். காணும் பொங்கல் என்பதால் மெரினா பக்கம் வர எந்த ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை வந்து, கடற்கரையிலிருந்து திரும்பும் கூட்டத்துக்கு எதிராக நடந்தோம்.

சாம்பார் சாதம், தயிர் சாதம், மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கல். பேச்சு முழுக்கக் காகித விலைதான். போன வருடம் ஏறியது இன்னும் இறங்கவில்லையாம். முன்பு கண்ணை மூடிக்கொண்டு 1,200 பிரதி அடிப்போம், இப்போது 300 அடிக்கவே யோசிக்கிறோம் என்றார் ஒரு பெரியவர். அப்புறம் நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு. இலக்கியம் பேசுவார்கள் என்று நினைத்துப் போன எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஒரு புத்தகம் வெளியே வர இத்தனை கவலை வேண்டியிருக்கிறது என்பதை வேறு எங்கேயும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். தட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். நம் வங்க நாவலை மொழிபெயர்த்தவர் அவர்தான்.

கணவருக்குக் கல்கத்தாவில் வேலை. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தபோது எதிர்வீட்டு அம்மாவிடம் வங்காளி எழுத்துக் கற்றுக்கொண்டாராம். நான் அந்த மனத்தாங்கலைப் பற்றிக் கேட்டேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அங்க அபிமான்னு ஒரு வார்த்தை இருக்கும்மா. நம்ம அபிமானம் இல்ல. ரொம்ப வேண்டியவங்க நம்மள கவனிக்காம விட்டா வருமே, வாய் திறந்து சொல்லவும் மாட்டோமே, அது. புருஷன் பெண்டாட்டின்னா ஊடல்னு போட்டுடலாம். புள்ளைக்கும் அம்மாவுக்கும் என்ன போடறது? நாலு நாள் ஆச்சு” என்றார்.

அந்த நேரம் பார்த்து யாரோ புதுப் பிரதியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். விரலால் ஒரு முறை தடவிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். “காகிதம் நல்லா இருக்கு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஒருவர் உரத்த குரலில், போன வருடம் ஓர் இந்தி நாவலுக்குக் கிடைத்த சர்வதேச புக்கர் பரிசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 50,000 பவுண்டு, எழுதியவருக்கும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. இன்னொருவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ.யை நினைவுபடுத்தினார். மராத்தி காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே வாசகர்கள் நம்பும்படி மொழிபெயர்த்த மனிதர். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா அமைதியாகத் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது அவரைப் படியிறக்கிவிட்டேன். “அம்மா, அட்டையில உங்க பேர் இல்லாதத நான் முன்னாடியே பார்த்தேன். சொல்லாம விட்டுட்டேன்” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். “நீ அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சியே, போதும்” என்றார். எனக்குப் போதவில்லை.

ஜனவரி 18, புதன்

காலையில் முதல் வேலையாக அக்காவிடம் சொன்னேன், எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சேர்த்து. அக்கா திட்டவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் பதிப்பாளர் சாரிடம் போனார். புதிதாக அட்டை அடிக்க வழியில்லை, 300 பிரதியும் பைண்டிங் முடிந்து வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றேன். அட்டையின் அழகு கெடும் என்றார் சார். நான் பழைய பதிப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடிச்சுடு. ஒட்டினது மாதிரி தெரியக் கூடாது” என்றார்.

ஜனவரி 20, வெள்ளி

அட்டையின் நீலத்திலேயே வெள்ளை எழுத்து. ‘தமிழில்’ என்ற சொல்லும் கீழே அவர் பெயரும். மதியத்திலிருந்து நானும் பைண்டிங் அண்ணனும் ஸ்டாலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒட்டினோம். காற்றுக் குமிழி வராமல் ஒட்ட அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: ஒரு ஓரத்தை வைத்துக்கொண்டு, துணியால் மெதுவாக நீவிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 231. மீதி 69 ஏற்கெனவே போய்விட்டன. அவற்றில் ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. ஒட்டிய பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.