சவானா ஆற்றுப் பீரங்கியும் குளோரைடு கணக்கும்

தண்ணீருக்கடியில் நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த வார்ப்பிரும்புப் பீரங்கிக்குப் பெரிய ஆபத்து, கரையேறிய பிறகுதான். துருவுக்குள் புகுந்திருக்கும் உப்புக் கூறான குளோரைடு, ஈரம் காய்ந்து காற்றுப் பட்டதும் வேலையைக் காட்டிவிடும். மேற்பரப்பு வெடித்துச் செதில் செதிலாக உதிரும்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தபோது, அங்குள்ள தொல்பொருள் பாதுகாப்பு ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். சிஎஸ்எஸ் ஜார்ஜியா கப்பலின் பீரங்கிகள் அப்போது தொட்டியில் இருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சவானா நகரைக் காக்கத் தென்மாநிலத்தார் 1862இல் கட்டிய கப்பல் அது. நகரத்துப் பெண்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். தண்டவாள இரும்பே கவசம். அந்தப் பாரத்தை இழுக்க இயந்திரத்துக்கு வலுவில்லை. ஆற்றில் கட்டிப்போட்டு, மிதக்கும் பீரங்கித் தளமாக்கிவிட்டார்கள். 1864 டிசம்பரில் வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படை நகரை நெருங்கியதும் தென்மாநிலத்தாரே அதை மூழ்கடித்தார்கள். துறைமுகத்தை ஆழப்படுத்தும் திட்டத்துக்காக 2015இல் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் எச்சங்களை மேலே எடுத்தார்கள்.

முதல் வேலை, மணலும் சிப்பியும் துருவும் சேர்ந்து இறுகிய மேலோட்டை உடைப்பது. காற்றழுத்த உளிதான் கருவி. இதில் முரட்டுத்தனம் கூடவே கூடாது. உப்புநீரில் இரும்பு கரைந்து போக, வார்ப்பிரும்பில் இருந்த கிராஃபைட் மட்டும் அதே வடிவத்தில் தங்கிவிடுகிறது. கத்தியால் சுரண்டினால் வந்துவிடும் அளவுக்கு மெத்தென்ற தோல். வார்ப்பாலை பொறித்த எழுத்தும் எண்ணும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அது போனால் பீரங்கியின் பிறப்புச் சான்றே போன மாதிரி. வேலை நடக்கும்போதெல்லாம் மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம்.

அடுத்து, குளோரைடை வெளியே இழுக்க மின்பகுப்பு. காஸ்டிக் சோடா கரைசலில் பீரங்கியை இறக்கி, எதிர்மின்வாயாக இணைப்போம். சுற்றிலும் எஃகு வலை நேர்மின்வாய். குழலின் உட்புறத்துக்கும் மின்சாரம் சேர வேண்டுமே. அதற்காக நடுவில் ஓர் எஃகுக் கம்பி, சுவரைத் தொடாமல். மின்னோட்டத்தைக் குறைவாகவே வைப்போம். கூட்டினால் ஹைட்ரஜன் குமிழிகள் பெருகி அந்த மெல்லிய தோலைப் பெயர்த்துவிடும்.

என் பொறுப்பு குளோரைடு அளப்பது. தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, டைட்ரேஷன் (அளவறிந்த வேதிக்கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் முறை) செய்து, வரைபடத்தில் புள்ளி வைப்பேன். கோடு ஏறும், பிறகு படுத்துவிடும். கரைசல் தன்னால் முடிந்ததை வாங்கிக்கொண்டது என்று பொருள். அதை வடித்துப் புதிதாக ஊற்றினால் மறுபடி ஏறும், ஆனால் முன்னளவுக்கு ஏறாது. பெரிய பீரங்கிக்கு இது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் தொட்டியில் எதுவும் மாறியதாகத் தெரியாது. எனக்கு அந்த வரைபடம்தான் உயிர்நாடி. புதுக் கரைசலிலும் கோடு கிட்டத்தட்டத் தரையோடு கிடந்த அன்று, ஆய்வகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த இடத்தில் அவசரப்பட்டு நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. மிச்சமிருக்கும் உப்பு பின்னாளில் காட்சிக்கூடத்தில் வேலையைத் தொடங்கும்.

பிறகு உப்பு நீக்கிய சுடுநீரில் காரம் போகும்வரை அலசல். உலர்ந்ததும் டானிக் அமிலப் பூச்சு. இரும்போடு வினைபுரிந்து நீலக் கறுப்பாகப் படியும். கடைசியாக, காற்றும் ஈரமும் நுழையாதபடி உருக்கிய மெழுகு. இத்தனைக்குப் பிறகும் ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில்தான் வைக்க வேண்டும். வாங்கிக்கொள்ளும் அருங்காட்சியகம் முதலில் கேட்க வேண்டியது, அறையின் ஈரப்பதம் எவ்வளவு, அதை யார் தினமும் பார்ப்பார் என்பதைத்தான்.