காய்ச்சலோடு ஒரு விண்வெளிப் பயணம்

ஐந்து நாளாகக் காய்ச்சல். முதல் இரண்டு நாள் எதையும் படிக்க முடியவில்லை, கண்ணைத் திறந்தாலே வெளிச்சம் குத்தியது. மூன்றாம் நாள் காலை கொஞ்சம் இறங்கியதும் முதுகுக்குத் தலையணையைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு, கைக்கு எட்டிய அலமாரித் தட்டிலிருந்து ஒரு நாவலை உருவினேன். எச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’, 1898-ல் வந்தது. பள்ளி நாட்களில் படித்தபோது அந்த மூன்று கால் இயந்திரங்களும் வெப்பக் கதிரும்தான் மனதில் நின்றன. அத்தனை படைபலத்தோடு பூமியைப் பிடிக்க வந்த செவ்வாய்வாசிகள் கடைசியில் கிருமி தாக்கிச் செத்துப்போவது அப்போது எனக்குப் பெரிய ஏமாற்றம். இதற்கா இத்தனை பக்கம் என்று கோபம்கூட வந்தது.

இப்போது மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அதே பக்கங்களைப் படிக்கிறேன், நாவலிலேயே அறிவியல் ஆழமாக இருக்கும் இடம் அதுதான் என்று தோன்றுகிறது. எத்தனையோ தலைமுறையாக நாம் செத்துச் செத்துப் பழகிக்கொண்ட கிருமிகள் அவை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். தாமஸ் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளரிடம் பாடம் படித்த வெல்ஸ் எழுதிய முடிவு அது. வெல்ஸ் வாசகரானதே படுக்கையில்தான். 1874-ல், சிறுவனாக இருந்தபோது, காலெலும்பு முறிந்து கிடந்தார். அப்பா நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்த புத்தகங்களில்தான் எல்லாம் தொடங்கியது. படுத்துக் கிடப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதைப் படித்த கையோடு, இதுவரை நான் எழுதிய கதைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒருவருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதே இல்லை. விண்கலம் பழுதாகிறது, கணினி தவறு செய்கிறது, எரிபொருள் தீர்கிறது. ஆனால் ஒரு தும்மல் இல்லை, ஒருவருக்கும் தொண்டை கட்டவில்லை. நான்கு பேர் மாதக்கணக்கில் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு செவ்வாய்க்குப் போகிறார்கள், அதில் ஒருவருக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை என்றால் அந்தக் கதையில் நான் மனிதர்களையே எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

உண்மையில் இது நடந்திருக்கிறது. 1968 அக்டோபரில் அப்போலோ 7 என்ற அமெரிக்க விண்கலம் கிளம்பி ஒரு நாள்கூட ஆகவில்லை, தளபதி வாலி ஷிராவுக்குச் சளி பிடித்துவிட்டது. தரையில் இருந்தால் மூக்கு ஒழுகும், தொண்டை வழியாக இறங்கும், எப்படியோ போய்விடும். அங்கே எடையே இல்லை, சளி எங்கே இறங்கும்? உள்ளேயே தேங்கி நிற்கிறது. அதுவுமில்லாமல் எடையற்ற நிலையில் உடம்பின் நீர் மேல்நோக்கி ஏறி, சளி இல்லாதவருக்கே முகம் வீங்கி மூக்கு அடைத்த மாதிரி இருக்கும். அந்த நிலையில் கிட்டத்தட்ட பதினொரு நாள் பூமியைச் சுற்றியிருக்கிறார்கள். தரையிலிருந்தவர்களோடு வாக்குவாதம். திரும்பி இறங்கும்போது ஹெல்மெட் போடமாட்டோம் என்றே சொல்லிவிட்டார்கள். அறையின் காற்றழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் செவிப்பறைக்கு ஆபத்து. ஹெல்மெட்டுக்குள் கையை எப்படிக் கொண்டுபோவது? கடைசியில் ஹெல்மெட் இல்லாமல்தான் இறங்கினார்கள்.

இதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் ஒரு தகவலாகத்தான் படித்திருந்தேன். இந்த முறை ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்ததும் அடைத்திருந்த மேல் மூக்கு மெல்லத் திறந்தது பாருங்கள், அந்த நிமிஷம்தான் உறைத்தது: விண்வெளியில் இந்த ஒரு சின்ன நிம்மதிகூடக் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் மறுபடி ஏறியது. தெர்மாமீட்டரில் 102. இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது, விரல் நுனியெல்லாம் ஜில்லென்று இருந்தது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி உடம்பின் வெப்பநிலையைக் கவனித்துக்கொள்கிறது. கிருமி உள்ளே வந்ததும் அது தன் இலக்கை 98.6-லிருந்து மேலே ஏற்றிவிடுகிறது. உடம்பு பழைய சூட்டில்தான் இருக்கிறது, ஆனால் புதிய இலக்கோடு ஒப்பிட்டால் அது குளிர். அதனால் தோலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்குகின்றன. அறையில் எதுவும் மாறவில்லை, உள்ளே இருக்கும் கணக்கு மாறிவிட்டது.

அந்த வரியைத்தான் முதலில் எழுதினேன். எழுந்து உட்கார முடியாததால் நோட்டை மார்பில் வைத்துப் பென்சிலால் எழுதினேன், வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்து போயிருக்கின்றன. பல மாதமாக நகராமல் நின்ற செவ்வாய்க் கதைக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. கதையில் செவ்வாய்க்குப் போகும் விண்வெளி வீராங்கனை ஒருத்தி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே கலத்தின் கணினியிடம் சூட்டைக் கூட்டச் சொல்கிறாள். கணினி, அறை வெப்பநிலை 22 டிகிரி, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது. அது பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. மூன்று முறை கேட்கிறாள், மூன்று முறையும் அதே பதில்.

காலையில் படித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் அடித்தேன். சுவர்கள் பேசுவது, நட்சத்திரங்கள் உருகுவது என்று காய்ச்சல் வேகத்தில் வந்த வர்ணனை எதுவும் நிற்கவில்லை. காய்ச்சல் கற்பனையைத் திறந்துவிடும் என்று சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நின்றவை எல்லாம் சின்ன விஷயங்கள்தான்: ஜில்லிட்ட விரல் நுனி, தொட்டால் வலிக்கும் தோல், மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து வியர்த்துக் கொட்டும்போது கழுத்துக்குப் பின்னால் போர்வை நனைவது. அப்புறம் யோசித்தேன், அந்த வியர்வை அங்கே வழியாதே, தோலிலேயே ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு நிற்குமே. அவள் துண்டால் தன்னை ஒற்றி எடுக்கும் காட்சி அப்படித்தான் வந்தது.

இன்று காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் மிச்சம். கதை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. அவள் பூமியிலிருக்கும் மருத்துவரிடம் தன் அறிகுறிகளைச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டாள். செவ்வாய் தூரத்தில் இருக்கும்போது ரேடியோ அலை ஒரு பக்கம் போய்ச் சேரவே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும், அப்புறம் பதில் வர அதே அளவு. மருத்துவர் படிக்கும் நேரத்தில் இவளுக்குக் காய்ச்சல் இன்னும் ஏறியிருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். கேள்வி கேட்டவள் ஒருத்தி, பதிலை வாங்கப்போகிறவள் இன்னொருத்தி மாதிரி. அந்த முக்கால் மணி நேரத்தை எத்தனை பக்கத்துக்கு நீட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அவள் தெர்மாமீட்டரை மறுபடி எடுத்து நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறாள். பதில் வர இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது.