மந்திரிச்சவன் பிழைத்தான், ஆஸ்பத்திரிக்குப் போனவன் செத்தான்

"கடிச்சது எத்தனை மணிக்கு?" பாம்புக்கடி என்று யாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். டெல்டா பக்கம் தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எந்த நர்ஸுக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "இப்பத்தான் சிஸ்டர், ஒரு அரை மணி நேரம் இருக்கும்" என்பார் யாராவது. காலைப் பார்த்தால் முழங்கால் வரை வீங்கியிருக்கும். அரை மணி நேரத்தில் அப்படி வீங்காது. கணுக்காலுக்கு மேலே மஞ்சள் துணி முடிச்சு, வாயோரம் வேப்பிலைப் பச்சை, நெற்றியில் புதுத் திருநீறு. நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் எங்கேயோ போய்விட்டிருக்கிறது.

எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியும். விஷக்கடி பார்க்கிறவர் வீட்டுக்கு. அவர் மிளகைக் கடிக்கச் சொல்லுவார், காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை. வேப்பிலை கசந்தாலும் அப்படித்தான். சிலர் விஷக்கல்லை ஒட்டுவார்கள், சிலர் கோழிக்குஞ்சின் பின்புறத்தைக் கடிவாயில் வைத்து, அது துவண்டால் விஷத்தை இழுத்துவிட்டது என்பார்கள். சிலர் கோயிலுக்கும், சிலர் தர்காவுக்கும், சிலர் ஜெப எண்ணெய்க்கும் போய்விட்டு வருவார்கள். எந்த வழியில் வந்தாலும் போன நேரம் போனதுதான்.

இப்படி வருகிறவர்களை முட்டாள் என்று சொல்லும் பழக்கம் ஆஸ்பத்திரிகளில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஊரில் பாம்பு கடித்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் பெரும்பாலோர் மந்திரித்துக்கொண்டவர்கள். "எங்க அத்தைக்குப் பார்த்தாரு, எதிர்வீட்டு அண்ணனுக்குப் பார்த்தாரு, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை.

கணக்கு எங்கே பிசகுகிறது என்றால், அத்தையைக் கடித்தது என்ன பாம்பு என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. உயிர் போகும் கடிகளில் பெரும்பகுதி நான்கு பாம்புகளுடையது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கும்கூடக் கடிக்கும்போதெல்லாம் விஷத்தை இறக்குவதில்லை. பல் பதிந்திருக்கும், விஷம் இறங்கியிருக்காது. ஆக, விஷக்கடி பார்க்கிறவர் எதுவுமே செய்யாமல் திண்ணையில் உட்கார வைத்திருந்தாலும் அவரிடம் போனவர்களில் மிகப் பலர் எழுந்து வீட்டுக்கு நடந்தே போயிருப்பார்கள்.

மிச்சமுள்ள சிலருக்கு உண்மையிலேயே விஷம் ஏறியிருக்கும். பேச்சு குழறும், ஈறில் ரத்தம் கசியும். அப்போது விஷக்கடி பார்க்கிறவரே சொல்லிவிடுவார், "ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போயிடுங்க." மூன்று மணி நேரம் கழித்து அந்த ஆள் எங்கள் கட்டிலுக்கு வருவார். இறந்தால் எங்கள் கட்டிலில் இறப்பார். ஊரில் என்ன பேசுவார்கள்? மந்திரிச்சவன் பிழைத்தான், ஆஸ்பத்திரிக்குப் போனவன் செத்தான். பிழைக்கப்போகிறவர்கள் எல்லாம் ஒரு வாசலிலும் சாகக் கிடக்கிறவர்கள் எல்லாம் இன்னொரு வாசலிலும் வந்து சேரும்போது, எந்த வாசலுக்குப் பெயர் கிடைக்கும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதவிதமான காரணங்களை எல்லாம் யோசித்திருக்கிறேன், படிப்பறிவு இல்லை, பயம், ஏழ்மை என்று. எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் படித்தவர்களும் வசதியானவர்களும் இதே நேரத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். யார் யாரை எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி எதையும் எட்டாமல் கிராமத்திலேயே இறந்தவர்கள்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருக்கும் முக்கியமான பரிசோதனைக்குக் கரண்டுகூட வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் நோயாளியின் ரத்தம் 2 மில்லி எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து நின்றால் ஒரு செய்தி, தண்ணீராக ஓடினால் இன்னொரு செய்தி. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தில் உறையவைக்கும் பொருள்களைத் தீர்த்துவிடும், அதனால் ஓடும். பிளாஸ்டிக் ட்யூப் உதவாது, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் உதவாது. நல்ல ரத்தமும் அதில் உறையாமல் போகலாம்.

ஒருநாள் சாயங்காலம் கடைசி நடவை முடித்து வரப்பில் ஏறும்போது கடிபட்ட ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த சித்தப்பா நல்ல மனிதர், பதறவில்லை. "விஷம் இறங்கிடுச்சும்மா. அவரு கை வச்சா தப்பாது. ஒரு ஊசி மட்டும் போட்டு அனுப்பிடுங்க, காலையில வேலை இருக்கு" என்றார். அன்று ஸ்டோரிலிருந்து வந்த ட்யூப்கள் எப்படிக் கழுவப்பட்டவை என்று டியூட்டி டாக்டருக்குச் சந்தேகம். இப்படிச் சந்தேகம் வந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தையும் அதே மாதிரி ட்யூபில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. "நீங்க குடுக்குறீங்களா ஐயா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். அவர் உடனே கையை நீட்டினார்.

ஸ்டாண்டில் இரண்டு ட்யூப். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேரும் நேரமும் எழுதினேன். ஜன்னலோரம் வைத்துவிட்டு யாரும் தொடாதபடி பார்த்துக்கொண்டேன். சித்தப்பா அங்கேயே நின்றார். நான் பையனின் காலில் வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, மணி எழுதி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் ஆனதும் டாக்டர் முதலில் அவருடைய ட்யூபைச் சாய்த்தார். ரத்தம் கட்டியாக நின்றது, கவிழ்த்தும் நகரவில்லை. அடுத்து பையனுடையது. சிவப்புத் தண்ணீர் மாதிரி வாய் வரைக்கும் ஓடிவந்தது.

யாரும் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "போடுங்கம்மா, என்ன போடணுமோ போடுங்க" என்றார் சித்தப்பா. பாம்பு விஷத்தை முறிக்கும் மருந்தான ஏ.எஸ்.வி. 10 குப்பி ட்ரிப்பில் ஏற்றினோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ட்யூப். இந்த முறை உறைந்தது. பையன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் சித்தப்பா சொன்னதை இங்கே விடாமல் எழுத வேண்டும். "நேத்து அவரு தீட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்திருந்தாரு போல, அதான் பலிக்கல." கண் முன்னால் பார்த்த பிறகும் மந்திரம் தோற்கவில்லை, மந்திரித்தவர் மட்டும் அன்றைக்குச் சுத்தமாக இல்லை. பலித்தால் மந்திரம், பலிக்காவிட்டால் தீட்டு. எது நடந்தாலும் தோற்க முடியாத ஒன்றை எதைக் காட்டிப் பரிசோதிப்பது? பையனின் ட்யூபில் ரத்தம் ஓடாமல் நின்றிருந்தால், விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்ற டாக்டரின் கணிப்பு தவறு என்று அங்கேயே தெரிந்திருக்கும். உறைந்துவிட்டது என்பதற்காகவும் நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை, அவற்றின் கடியை இந்தப் பரிசோதனை காட்டாது. எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் இதைக் கற்றுத் தருகிறார்கள். அதனால்தான் எனக்கு இதன்மேல் நம்பிக்கை.

கட்டுவிரியன் விஷயம் இன்னும் கொடுமை. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும். வலி தெரியாது, பல் பட்ட தடம்கூடப் பல சமயம் தெரியாது. நடுராத்திரியில் வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று பிள்ளை எழும். விடியும்போது கண் இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும். எதையோ பார்த்துப் பயந்துவிட்டது, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று விபூதி போட அழைத்துப் போவார்கள். அது பயம் இல்லை, மூச்சுவிடும் தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன. நேரத்தோடு வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டால் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிவருவார்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுத்தால் இந்தக் கடியே பெரும்பாலும் வராது. நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை.

கயிறு அறுக்கும் வேலையும் என்னுடையதுதான். கடிபட்ட கையிலும் காலிலும் இருக்கும் மோதிரம், கொலுசு, வளையல், கயிறு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவையே ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். கோயில் கறுப்புக் கயிறும் வரும், தர்காவில் ஓதிக் கட்டியதும் வரும், சிலுவை கோத்த மணிக்கயிறும் வரும். எங்களுக்கு ஒரே விதி: கடிபட்ட கைகாலில் இருந்தால் எடுப்போம், கழுத்திலோ இடுப்பிலோ இருப்பதைத் தொட மாட்டோம். எடுப்பதைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கூட வந்தவர் கையில் கொடுப்போம். ஒருமுறை ஒரு பெண்ணின் மெட்டியைக் கழற்ற மாமியார் விடவில்லை. "புருஷன் உசிரோட இருக்கும்போது கழட்டக் கூடாதும்மா" என்றார். வீங்கிக்கொண்டிருந்த விரலை அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டதும் அவரே கழற்றினார். மதச்சார்பின்மை என்பதற்குப் பெரிய பெரிய விளக்கங்கள் படித்திருக்கிறேன். வார்டில் அது இவ்வளவுதான். யார் கட்டிய கயிறு என்று பார்க்காமல், அது காலை நெரிக்கிறதா என்று பார்ப்பது.

எதைக் காட்டிப் பரிசோதிப்பது என்ற கேள்வியை எங்களையும் பார்த்துக் கேட்காவிட்டால் இதெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஏ.எஸ்.வி. போடுவதற்கு முன் தோலில் துளி மருந்து ஏற்றி 'டெஸ்ட் டோஸ்' பார்ப்பது பல காலம் வழக்கம். யாருக்கு அலர்ஜி வரும் என்று அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்று தெரிந்தபின் வழிகாட்டு நெறிகள் அதைக் கைவிட்டன. அலர்ஜி வந்தால் போட வேண்டிய அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு நேராகத் தொடங்கு என்கின்றன. ஆனாலும் "நாங்க எப்பவும் போட்டுத்தான் பார்ப்போம்" என்று பிடிவாதமாக இருந்த மூத்தவர்களை எனக்குத் தெரியும். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்று விஷக்கடிக்காரர் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டால் வழக்கம் ஆதாரமாகிவிடாது.

அதேபோல், பரம்பரையாக வந்தது என்பதாலேயே ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். நாங்கள் ஏற்றும் மருந்தே பரம்பரை அறிவில்லாமல் வராது. பாம்புத் தோல் வியாபாரத்துக்கு 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கதவு மூடியது. அதில் பிழைத்துவந்த இருளர்கள் 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பு பிடித்து விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் ஏ.எஸ்.வி. தயாராகிறது. நாட்டின் மருந்துக் கம்பெனிகளுக்குப் பெரும்பங்கு விஷம் அங்கிருந்து போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மண்ணில் தடத்தைப் பார்த்து என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அவர்கள் சொல்வது தினமும் பரிசோதிக்கப்படுகிற அறிவு. தவறாகச் சொன்னால் பொந்தில் பாம்பு இருக்காது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. தனியார் ஆஸ்பத்திரிகளும் தகவல் தர வேண்டும். நான் மிகவும் வரவேற்ற உத்தரவு இது. எண்ணத் தொடங்கினால்தான் எதையும் பேச முடியும். விஷக்கடி பார்க்கிறவர் திண்ணையில் நோட்டு கிடையாது, அதனால் அங்கே போனதை நாங்கள்தான் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. திட்டிக் கேட்டால் மறைப்பார்கள். "அங்க போயிட்டு வந்தீங்களா, எத்தனை மணிக்கு அங்கேருந்து கிளம்பினீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் டாக்டருக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. பக்கத்து ஊர் விஷக்கடிக்காரரை அழைத்துப் பேசலாம், "நீங்க ரெண்டு நிமிஷத்துல மந்திரிச்சுட்டு உடனே 108-க்கு போன் பண்ணிடுங்க" என்று கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் அவர். எப்படியும் ஜனங்கள் அங்கே போகத்தான் போகிறார்கள், இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடமாகக் குறைந்தால் உயிர் மிஞ்சும் என்பது அவர் வாதம். எனக்கு உறுத்துவது, நாங்கள் ஏ.எஸ்.வி. போட்டுப் பிழைக்க வைக்கிறவர்களும் இனி விஷக்கடிக்காரர் கணக்கில் சேர்வார்கள், அவர் பெயர் இன்னும் பெரிதாகும், போன் எடுக்காத ஒரு ராத்திரியில் அதுவே ஆளைக் கொல்லும் என்பது. "அந்த ராத்திரி வர்றதுக்குள்ள எத்தனை பேரு பிழைப்பாங்கன்னும் சேர்த்து எண்ணுங்க சிஸ்டர்" என்கிறார் டாக்டர். அதுவும் நியாயமான கணக்குதான். இந்த அறுவடை முடியும்வரை வருகிற ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுதிவைத்து, பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.